காட்சிக்கு அகப்படாத ஊர்: தாமிரபரணிக்கரை எழுத்தாளர்களும் ஆவணப்படமும்

ஆய்வுச் சுருக்கம்

எழுத்தாளரின் வாழ்வையும் படைப்பையும் பதிவுசெய்யும் ஆவணப்படம் தமிழில் தனியொரு வகையாக வளர்ந்துள்ளது. இவ்வகைப் படங்களில் எழுத்தாளரின் ஊர் பெரும்பாலும் பின்னணி அழகாக அமைகிறது. திருநெல்வேலியைக் களமாகக் கொண்ட புனைகதைகளிலோ, ஊர் பல இடங்களில் பார்க்க முடியாமற்போன ஒன்றாகவும் சென்றுசேர முடியாத ஒன்றாகவும் வருகிறது. இந்த முரணை 'நதியின் பாடல்' (2016), 'நதியின் மரணம்' (1999) ஆகிய இரு படங்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. அயர்லாந்து நாவலாசிரியர் எட்னா ஓ'பிரையன் பற்றிய 'புளூ ரோடு' (2024) ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. எழுத்தாளர் ஆவணப்படம் இடத்தை அலங்காரமாகக் கொள்ளாமல் சான்றாகக் கொள்ளவேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஆவணப்படம், எழுத்தாளர் வரலாறு, திருநெல்வேலி, தாமிரபரணி, வண்ணதாசன், புதுமைப்பித்தன், சான்று.

முன்னுரை

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலுக்கு அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, நீளத்தில் சிறிய ஆறு. அதன் கரையிலிருந்து வந்த எழுத்தாளர்களின் வரிசையோ நீளமானது. பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா, திருநெல்வேலியில் வளர்ந்த புதுமைப்பித்தன், அவருடைய வரலாற்றை எழுதிய தொ.மு.சி. ரகுநாதன், திறனாய்வாளர் தி.க. சிவசங்கரன், வண்ணதாசன், வண்ணநிலவன் எனத் தமிழ்ப் புனைகதை வரலாற்றின் பல திருப்பங்கள் இவ்வாற்றங்கரையோடு தொடர்புடையவை. இவர்களைப் பற்றிய திறனாய்வு நூல்களும் பதிப்புப் பணிகளும் கணிசமாக உள்ளன. இவர்களைத் திரையில் பதிவுசெய்யும் முயற்சிகள் பற்றிய ஆய்வு மிகக் குறைவு.

ரகுநாதன் 2001இலும் தி.க.சி. 2014இலும் நெல்லையில் நெடுங்காலம் வாழ்ந்த தோப்பில் முஹம்மது மீரான் 2019இலும் மறைந்தனர். ஒரு தலைமுறையின் முகமும் குரலும் மறைந்துகொண்டிருக்கும் வேளையில், எதைப் பதிவுசெய்வது என்ற வினாவோடு எப்படிப் பதிவுசெய்வது என்ற வினாவும் சேர்ந்தே எழுகிறது. நாளைய ஆய்வாளர் இப்படங்களை முதன்மைச் சான்றாகவே கையாள்வார். ஆகவே இவற்றின் வடிவம் பற்றிய திறனாய்வு இன்றே தொடங்கவேண்டியதாகிறது.

1. எழுத்தாளர் ஆவணப்படம்: வகையும் வழக்கமும்

சாகித்திய அகாதெமி இந்திய மொழி எழுத்தாளர்களைப் பற்றிய ஆவணப்படங்களைத் தொடர்ந்து தயாரித்துவந்துள்ளது. தமிழில் அம்ஷன் குமார் சுப்பிரமணிய பாரதி, அசோகமித்திரன் ஆகியோரைப் பற்றியும், ரவிசுப்பிரமணியன் ஜெயகாந்தனைப் பற்றியும், ஆர்.வி. ரமணி சுந்தர ராமசாமியைப் பற்றியும் படங்கள் எடுத்துள்ளனர். நிறுவனம் சாராத இலக்கிய அமைப்புகளும் தாம் விருதளிக்கும் எழுத்தாளர்களைப் பற்றிப் படங்களை உருவாக்கி வருகின்றன.

இவ்வகைக்கென்று சில வழக்கங்கள் படிந்துள்ளன. எழுத்தாளர் தம் இளமையையும் எழுத்துக்கு வந்த கதையையும் கூறுவது முதலாவது. சக எழுத்தாளர்களும் வாசகர்களும் அவரை மதிப்பிடுவது இரண்டாவது. படைப்பின் பகுதி ஒன்று வாசிக்கப்பட, அதன்மீது ஊரின் காட்சிகள் ஓடுவது மூன்றாவது. முதலிரண்டும் வாய்மொழி வரலாறு என்ற வகையில் பயன் தருபவை. அவற்றின் குறைகளும் வாய்மொழி வரலாற்றுக்குரிய குறைகளே. மூன்றாவது வழக்கம்தான் கூடுதல் கவனம் வேண்டுவது. அங்கு ஆவணப்படம் தன்னையறியாமல் ஒரு திறனாய்வுத் தீர்ப்பை வழங்கிவிடுகிறது. இந்தப் பத்தி இந்த ஆற்றைப் பற்றியது, இந்தக் கதை இந்தத் தெருவைப் பற்றியது என்று அது சொல்கிறது. சொல்லுக்கும் இடத்துக்கும் உள்ள உறவு ஒன்றுக்கொன்று நேரானது என்ற கருத்து அதனுள் மறைந்துள்ளது.

2. ஒரே ஆறு, இரண்டு படங்கள்

வண்ணதாசன் 1946இல் திருநெல்வேலியில் பிறந்தவர். கல்யாண்ஜி என்ற பெயரில் கவிதைகளும் வண்ணதாசன் என்ற பெயரில் சிறுகதைகளும் எழுதுபவர். 'சின்னு முதல் சின்னு வரை' அவருடைய குறுநாவல். 2016ஆம் ஆண்டு 'ஒரு சிறு இசை' தொகுப்புக்காகச் சாகித்திய அகாதெமி விருதையும், விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தின் விருதையும் பெற்றார். கோவையில் நடைபெற்ற இரண்டாவது விருது விழாவை ஒட்டி வெளியானது, செல்வேந்திரன் இயக்கிய 'நதியின் பாடல்' என்னும் ஆவணப்படம். வாழும் எழுத்தாளர் ஒருவரை அவருடைய காலத்திலேயே பதிவுசெய்ததில் அதன் பணி ஐயத்திற்கு இடமற்றது. படத்தைக் காட்சிவாரியாக மதிப்பிடுவது இங்கு நோக்கமன்று. அதன் தலைப்பும் அது வெளியான சூழலும் இவ்வகைப் படங்களின் பொது இயல்பைத் தெளிவாக்குவதால் அவை மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

விருது விழாவுக்கென உருவாகும் படம் பாராட்டுரையின் மரபைச் சேர்ந்தது. தமிழில் பாயிரம் முதல் சாற்றுகவி வரை இதற்கு நெடிய முன்வரலாறு உண்டு. பாராட்டுரை குற்றமன்று, ஆனால் அது முரணைத் தேடாது. தலைப்பும் அம்மரபுக்கு ஒத்ததே. எழுத்தாளரை ஆறாகவும் எழுத்தைப் பாடலாகவும் உருவகித்து, இரண்டையும் தடையின்றி ஓடும் ஒன்றாக அது காண்கிறது.

இதே ஆற்றின் பெயரால் அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே இன்னொரு படம் வந்தது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊதிய உயர்வையும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையையும் கோரித் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின்மீது காவல்துறை தாக்குதல் நடத்தியது. கொக்கிரகுளம் அருகே ஆற்றுக்குள் இறங்கியவர்களில் பெண்களும் ஒரு குழந்தையும் உட்படப் பதினேழு பேர் இறந்தனர். ஆர்.ஆர். சீனிவாசன் இயக்கிய 'நதியின் மரணம்' இந்நிகழ்வைப் பற்றியது. நெல்லையில் இயங்கிய காஞ்சனை திரைப்பட இயக்கத்தோடு தொடர்புடையவர் இவர். அவ்வியக்கத்தின் பெயர் புதுமைப்பித்தனின் கதைத் தலைப்பு என்பதும் நினைக்கத்தக்கது. அன்றைய ஒளிப்பதிவுகளையும் பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலங்களையும் கொண்டு அப்படம் ஆற்றைச் சாட்சியாக நிறுத்தியது. பின்னர் நீதிபதி மோகன் ஆணையம் பெரும்பாலான சாவுகளை நீரில் மூழ்கியதால் நேர்ந்தவையாகக் கொண்டு, காவல்துறையின் நடவடிக்கையை நியாயமானதாகக் கண்டது. ஆறு எதற்குச் சாட்சி என்பதே வழக்காகிவிட்ட நிலையில், அப்படத்தின் ஒவ்வொரு ஆற்றுக்காட்சியும் சான்றின் எடையைப் பெற்றது.

இவ்விரு படங்களையும் ஒரே அளவுகோலால் அளத்தல் முறையன்று. ஒன்று எழுத்தாளர் வாழ்வு, மற்றொன்று அரச வன்முறை. ஆயினும் இரண்டின் தலைப்பும் ஒரே ஆற்றைச் சுட்டுகின்றன. கொக்கிரகுளத்துக் கரையில் நின்று எடுக்கப்படும் எந்த அமைதியான ஆற்றுக்காட்சியும் 1999க்குப் பின் வெறும் அமைதியாக இருக்க இயலாது. நெல்லை எழுத்தாளர் ஒருவரைப் பற்றிப் படமெடுப்பவர் அந்நிகழ்வைக் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்பதில்லை. ஆற்றைக் காட்டும்போது எதைக் காட்டுகிறோம் என்ற பொறுப்பு மட்டும் அவருக்கு உண்டு. புனைகதை இப்பொறுப்பை ஏற்றுள்ளது என்பதற்கு மாரி செல்வராஜின் 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்ற தொகுப்பின் தலைப்பே சான்றாகும்.

3. கோமு பார்க்காத தேரோட்டம்

வண்ணதாசனின் புகழ்பெற்ற சிறுகதைகளுள் ஒன்று 'நிலை'. அதன் மையம் வீட்டுவேலைக்கு இருக்கும் சிறுமி கோமு. ஊரே தேரோட்டம் பார்க்கக் கிளம்பும் நாளில் அவளுக்கு மட்டும் வீடும் வேலையும் இருக்கின்றன. தேரைக் காணும் வாய்ப்பு அவளுக்குக் கிட்டும்போது, தேர் ஓடி முடித்து நிலைக்கு வந்துவிட்டது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் திருநெல்வேலியின் பெருங்காட்சி. ஆனால் கதை அப்பெருங்காட்சியைத் தன் மையத்தில் வைக்கவில்லை. நான்கு ரத வீதிகளின் கூட்டமும் ஆரவாரமும் கோமுவுக்கு எட்டாதவை என்பதாலேயே கதைக்குப் பொருளுடையவை ஆகின்றன. தலைப்பும் இருபொருள்பட நிற்கிறது. தேர் நிற்கும் இடமும் நிலை; சிறுமியின் வாழ்நிலையும் நிலை.

இக்கதையை ஆவணப்படம் ஒன்று எவ்வாறு கையாளும் என்று எண்ணிப்பார்க்கலாம். கதைப்பகுதி வாசிக்கப்படும்போது ஆனித் தேரோட்டத்தின் காட்சி ஓடுவதே வழக்கமான தீர்வு. வடம் பிடிக்கும் கூட்டம், அசையும் தேர், மேலிருந்து எடுத்த ரத வீதி ஆகியவை திரையை நிறைக்கும். அந்நொடியில் படம் கதைக்கு எதிராக நின்றுவிடுகிறது. கோமுவுக்கு மறுக்கப்பட்டதைப் பார்வையாளருக்கு எளிதாக வழங்கிவிடுகிறது. தேர் பார்க்கச் சென்ற வீட்டாரின் இடத்தில் பார்வையாளர் அமர்த்தப்படுகிறார். கதையை வாசிக்கும்போது கோமுவோடு வீட்டிலிருந்தவர், படத்தைப் பார்க்கும்போது அவளை விட்டுவிட்டுத் தேரடிக்குப் போய்விடுகிறார்.

வண்ணதாசனின் எழுத்து மென்மையானது, ஈரமானது என்ற மதிப்பீடு தமிழ்த் திறனாய்வில் நிலைபெற்ற ஒன்று. அம்மென்மை எதன்மீது நிற்கிறது என்பது அவ்வளவாகக் கேட்கப்படவில்லை. 'நிலை'யைப் பொறுத்தவரை அது இன்மையின்மீது நிற்கிறது. சின்னஞ்சிறு ஆசை ஒன்று வேலையாலும் வறுமையாலும் மறுக்கப்படுவதைக் கதைசொல்லி குரலுயர்த்தாமல் கவனிக்கிறார். இன்மையைக் கழித்துவிட்டு மென்மையை மட்டும் காட்சிப்படுத்தும் படம், தான் போற்றும் எழுத்தையே சுருக்கிவிடுகிறது.

4. எட்டாத ஊர்

இத்தன்மை ஒரு கதைக்கு மட்டும் உரியதன்று. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' சென்னையில் நிகழ்கிறது. ஜவுளிக் கடையில் வேலைபார்க்கும் பிரமநாயகம் பிள்ளையும் நோயுற்ற அவர் மனைவியும் திருநெல்வேலியை விட்டு வந்தவர்கள். ஊருக்குப் போகவேண்டும் என்ற ஆசை நிறைவேறாமலே செல்லம்மாள் இறந்துபோகிறாள். நெல்லை இக்கதையில் போய்ச் சேராத இடமாகவே இருக்கிறது. 'துன்பக் கேணி'யில் நெல்லைச் சீமைக் கிராமத்து மக்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குக் கொண்டுபோகப்படுகின்றனர். 1930களில் எழுதப்பட்ட அக்கதைக்கும் 1999இல் மாஞ்சோலைத் தொழிலாளருக்காக ஆற்றங்கரைக்கு வந்த ஊர்வலத்திற்கும் இடையே தேயிலையும் கூலியும் பொதுவாக உள்ளன. எழுத்தாளர் ஆவணப்படம் இத்தகைய தொடர்பைத் தேடினால், ஆற்றுக்காட்சி ஒன்று புதுமைப்பித்தனைப் பற்றிப் புதிதாக எதையேனும் சொல்லக்கூடும்.

வண்ணநிலவனின் 'கம்பா நதி' என்னும் நாவல் தலைப்பு இச்சிக்கலை இன்னும் கூர்மையாக்குகிறது. நெல்லையப்பர் கோயில் தொன்மத்தோடு இணைத்துச் சொல்லப்படும் கம்பா நதி, இன்று நகரில் ஆறாக ஓடும் ஒன்றன்று. பெயராகவும் நினைவாகவும் இருக்கும் ஆற்றைக் கேமரா எப்படிக் காட்டும்? தாமிரபரணியைக் காட்டி ஈடுசெய்தால் நாவலின் தலைப்பே பொருளிழக்கும். 'ரெயினீஸ் ஐயர் தெரு'வின் தலைப்பிலும் இதுபோன்ற ஒன்று உண்டு. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838இல் மறைந்த ஜெர்மானிய மறைப்பணியாளர் ரேனியஸ், மக்கள் வாயில் ரெயினீஸ் ஐயராகித் தெருப்பெயராக வாழ்கிறார். தெருவைப் படமெடுக்கலாம். அந்த ஒலிமாற்றத்தில் பதிந்துள்ள வரலாற்றை, பெயரை உச்சரிக்கும் ஒரு குரலைக் கொண்டுதான் உணர்த்த முடியும்.

தோப்பில் முஹம்மது மீரானின் நிலை இதற்கு மறுதலையானது. அவர் திருநெல்வேலியில் வாழ்ந்தார். ஆனால் அவருடைய நாவல்கள் பிறந்த ஊரான தேங்காய்ப்பட்டணத்தின் கடற்கரையைச் சேர்ந்தவை. அவர் வாழ்ந்த நெல்லைத் தெருவைக் காட்டும் படம் வாழ்வைப் பதிவுசெய்யும், படைப்பைத் தவறவிடும். தேங்காய்ப்பட்டணத்தை மட்டும் காட்டும் படம், அவ்வூரை விட்டுத் தள்ளியிருந்து எழுதியதால் நேர்ந்த தொலைவைத் தவறவிடும்.

இவ்வெடுத்துக்காட்டுகளிலிருந்து பெறப்படுவது ஒன்று. திருநெல்வேலிப் புனைகதையில் ஊர் பெரும்பாலும் பார்வைக்கு எட்டாத தொலைவில் அல்லது பார்க்கும் உரிமை மறுக்கப்பட்ட நிலையில் உருவாகிறது. காட்டுவதையே தன் தொழிலாகக் கொண்ட ஆவணப்படம் இந்த மறுப்பை எதிர்கொள்ள வேறு வழிகளைக் கண்டறிய வேண்டியுள்ளது.

5. ஓர் அயர்லாந்து ஒப்பீடு

இவ்வழிகளுள் ஒன்றை ஷினேட் ஓ'ஷே இயக்கிய 'புளூ ரோடு' சுட்டுகிறது. கிளேர் மாவட்டத்துத் துவாம்கிரேனி என்னும் சிற்றூரில் 1930இல் பிறந்த எட்னா ஓ'பிரையனின் முதல் நாவல் 'தி கன்ட்ரி கேர்ள்ஸ்' 1960இல் வெளிவந்து, அயர்லாந்தில் தணிக்கையால் தடைசெய்யப்பட்டது. 2024 ஜூலையில் அவர் மறைந்த சில வாரங்களில் இப்படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. முதிய வயதில் அவர் அளித்த நேர்காணல், பழைய தொலைக்காட்சிப் பதிவுகள், மகன்களின் கூற்றுகள் ஆகியவை இதிலும் உண்டு. அவ்வகையில் இது வழக்கமான எழுத்தாளர் படமே.

இதைத் தனித்துவமாக்குவது அவருடைய நாட்குறிப்பு. ஜெஸ்ஸி பக்லி என்னும் நடிகை அதை வாசிக்கிறார். அந்நாட்குறிப்பின் பக்கங்களில் இன்னொருவரின் கையெழுத்தும் உள்ளது. எட்னாவின் கணவரும் எழுத்தாளருமான எர்னஸ்ட் கெப்லர், மனைவியின் குறிப்புகள்மீது தம் மறுப்புகளையும் ஏளனங்களையும் எழுதிவைத்தார். படம் அந்தத் தாளைக் காட்டும்போது, மணவாழ்வின் அடக்குமுறை எவருடைய கூற்றாகவும் இல்லாமல் பொருளாகவே கண்முன் நிற்கிறது. கிராமத்தின் பசுமையைக் காட்டும் காட்சிகளைவிட அந்தத் தாள் அவருடைய நாவல்களுக்கு நெருக்கமானது. பெண் ஒருத்தி தன் சொற்களுக்காகப் போராடுவதே அவருடைய புனைவுலகின் அடிநாதம்.

நெல்லையில் இதற்கு இணையான ஆவணம் உண்டு. அது தலைகீழ் வடிவில் இருக்கிறது. புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலாக வெளிவந்துள்ளன. தலைப்பே காட்டுவதுபோல இது ஒருவழிக் குரல். கமலா விருத்தாசலமும் சிறுகதைகள் எழுதியவர். புதுமைப்பித்தனின் வாழ்வு பற்றிய எந்த ஆவணப்படமும் இக்கடிதங்களை எழுத்தாளரின் வறுமைக்கும் அன்புக்கும் சான்றாகக் கையாள விழையும். மறுபுறத்துக் குரலின் மௌனத்தையும் அவற்றில் கேட்கச் செய்யும் படமே 'செல்லம்மாள்' எழுதியவருக்கு நேர்மையாக இருக்கும். 'அவ்வையார்', 'ராஜமுக்தி' முதலிய படங்களுக்கு எழுதிய புதுமைப்பித்தனைத் தமிழ்த் திரை தன்னுள் பதித்துவைக்கவில்லை. ஒருசில நிழற்படங்களே பரவலாக அறியப்பட்டவை. முகம் இல்லாத இந்நிலை ஒருவகையில் நல்வாய்ப்பு. பேசும் முகத்தை நம்பமுடியாத இயக்குநர் தாளையும் அச்சையும் குரலையும் நாட வேண்டியவராகிறார். ஆ.இரா. வேங்கடாசலபதியின் காலவரிசைப் பதிப்பு அத்தகைய படத்திற்கு வேண்டிய அடித்தளத்தை ஏற்கெனவே அமைத்துத் தந்துள்ளது.

6. ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

குறைந்த பொருட்செலவில், பெரும்பாலும் ஆர்வத்தின் அடிப்படையில் எடுக்கப்படும் படங்களிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது தகுமா என்று கேட்கலாம். எழுத்தாளர் உயிரோடிருக்கும்போது அவர் முகத்தையும் குரலையும் பதிவுசெய்வதே முதற்கடமை, பகுப்பாய்வு பிறகு வரலாம் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ரகுநாதன் 1951இல் 'புதுமைப்பித்தன் வரலாறு' எழுதியபோதும் நண்பரின் நினைவு மறைவதற்குள் பதிந்துவிடவேண்டும் என்ற அவசரம் இருந்திருக்கும். பின்வந்தோர் அந்நூலோடு முரண்படவும் அதைத் திருத்தவும் முடிந்தது அது எழுதப்பட்டதால்தான்.

எனினும் இங்கு கோரப்படுவது செலவு மிகுந்த ஒன்றன்று. ஆற்றின்மேல் பறந்து எடுக்கும் காட்சியைவிடக் குறைந்த செலவில், ஒரு கதையை அக்கதையின் தெருவில் வாழும் ஒருவரை வாசிக்கச் செய்து பதிவுசெய்யலாம். நெல்லைப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை அச்செழுத்து முழுமையாகத் தாங்குவதில்லை. ஆச்சி, மதினி போன்ற உறவுச்சொற்கள் எந்த இழுப்போடு விளிக்கப்படுகின்றன என்பதும், அவ்விழுப்பு சாதிக்குச் சாதி, தெருவுக்குத் தெரு எவ்வாறு மாறுகிறது என்பதும் செவிக்கே உரியவை. படிப்பவர் மனத்துள் மட்டும் கேட்கும் இக்குரலை வெளியே கேட்கச் செய்யும் ஆற்றல் ஆவணப்படத்திற்கு உண்டு. திறனாய்வு நூலால் செய்ய இயலாத பணி இது. இதைத் தவிர்த்து, சுற்றுலாப் படமும் தரக்கூடிய ஆற்றுக்காட்சியை அது தருவது தன் வலிமையைத் தானே கைவிடுவதாகும்.

முடிவுரை

எழுத்தாளர் ஆவணப்படத்தில் இடம் இருவகையாகப் பயன்படலாம். வாசிக்கப்படும் சொல்லை அழகுபடுத்தும் பின்னணியாக அது நிற்கலாம். அச்சொல்லைச் சோதிக்கவும் விரிக்கவும் சில வேளை மறுக்கவும் வல்ல சான்றாகவும் நிற்கலாம். 'நதியின் மரணம்' ஆற்றைச் சான்றாக்கியது. 'புளூ ரோடு' ஒரு தாளைச் சான்றாக்கியது. தாமிரபரணிக்கரை எழுத்தாளர்களைப் பற்றி இனி வரும் படங்கள் இவ்விரண்டிலிருந்தும் கற்கத்தக்கன உள.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கும் இதில் பங்குண்டு. வட்டார வழக்கு ஒலிப்பதிவுகள், கையெழுத்துப் படிகள், கடிதங்கள் ஆகியவற்றைத் தொகுத்து இயக்குநர்களுக்குக் கிடைக்கச் செய்வதும், வெளிவந்த படங்களை நூல்களுக்கு நிகராகத் திறனாய்வு செய்வதும் துறைகள் மேற்கொள்ளக்கூடிய பணிகள். 'நிலை' கதையைத் திரைக்குக் கொண்டுவரும் இயக்குநர் தேர் ஓடும் நாளில் ரத வீதிக்குச் செல்லாமல், அதே நேரத்தில் ஆளொழிந்த ஒரு வீட்டின் அடுக்களையில் கேமராவை வைத்து, தொலைவில் எழும் ஆரவாரத்தை மட்டும் பதிவுசெய்யக்கூடும். அப்போது வண்ணதாசனின் திருநெல்வேலி திரையில் இடம்பெறத் தொடங்கும்.